ஃபேர்பேங்க்ஸிலிருந்து அப்பாவுக்கு

ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

"பகலே இல்லாத ஊரில் எப்படிடி பொழுது போகுது" என்று அம்மா போனில் கேட்டாள். டிசம்பரில்தான் அப்படி, சூரியன் 4 மணி நேரம்கூடத் தங்காது. இப்போது ஏழெட்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. குளிர்தான் விடவில்லை, நேற்று மைனஸ் 38. காரை நிறுத்தினால் செல்போன் மாதிரி பிளக்கில் மாட்ட வேண்டும். எஞ்சின் உறையாமலிருக்க உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு.

வேலை பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நவம்பர் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அதிலிருந்து என்னை வெளியே இழுத்தது ஒரு லெக்சர். இங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஜியோபிசிக்கல் இன்ஸ்டிட்யூட் குளிர்காலத்தில் 'சயின்ஸ் ஃபார் அலாஸ்கா' என்று பொதுமக்களுக்கு அறிவியல் சொற்பொழிவு நடத்துகிறது. காசு கிடையாது. நான் போனபோது யார், எவர் என்றுகூட யாரும் கேட்கவில்லை. லாரி ஓட்டுபவர், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்கும் பாட்டி, தூங்கி வழியும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நம் ஊர் கோயில் மண்டபக் கதாகாலட்சேபம்தான், சுண்டல் மட்டும் இல்லை.

முதலில் கேட்டது, இங்கே இரவு வானத்தில் திரைபோல ஆடும் வடதுருவ ஒளி பற்றி. ஊருக்கு வடக்கே 50 கிலோமீட்டரில் போக்கர் ஃப்ளாட் என்ற இடத்திலிருந்து, அந்த ஒளிக்குள்ளேயே ராக்கெட் விட்டு அளக்கிறார்களாம். சரி, அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது, ஐஸ் கம்பெனியில் நீங்கள் பழகிய அம்மோனியாவைப் பற்றி.

இங்கே பல இடங்களில் மண்ணுக்குக் கீழே எப்போதும் உறைந்த நிலம் இருக்கிறது. மேலே வீடு கட்டினால் வீட்டின் சூடு இறங்கி அந்தப் பனி உருகும், வீடு சாயும். எங்கள் சமையலறையில் உருளைக்கிழங்கு தானாக ஜன்னல் பக்கம் உருள்வதற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வருஷா வருஷம் வீட்டுக்கு அடியில் படுத்து ஜாக்கி வைத்துத் தூக்குகிறாராம்.

வீட்டுக்கே இப்படியென்றால் சூடான கச்சா எண்ணெய் போகும் குழாய்க்கு? புருடோ பே என்ற வடகோடிக் கரையிலிருந்து தெற்கே வால்டிஸ் துறைமுகம் வரை ஏறக்குறைய 1,290 கிலோமீட்டர், 1977 முதல் ஓடுகிறது. பாதிக்கு மேல் கால்கள் நட்டுத் தரைக்கு மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். பல கால்களுக்குள் இரண்டிரண்டு மூடிய குழாய், அதற்குள்ளே உங்கள் அம்மோனியா! கம்ப்ரசர் இல்லை, மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. அடியில் மண்ணின் கொஞ்சநஞ்சச் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே ஏறுகிறது. உச்சியில் அலுமினியத் தகடுகள், வெளியே மைனஸ் 38. அங்கே குளிர்ந்து திரவமாகித் திரும்ப இறங்குகிறது. இப்படி மண்ணின் சூடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் நிலம் உறைந்தபடி இருக்கும், கால் சாயாது. கோடையில் வெளிக்காற்று மண்ணைவிடச் சூடு, அதனால் தானே நின்றுவிடும்.

எனக்கு நாகப்பட்டினம் ஐஸ் கம்பெனிதான் கண்ணில் வந்தது. நீங்கள் வீட்டுக்கு வரும்போது சட்டையில் அடிக்கும் அந்த வாடையும்.

கேள்வி நேரத்தில் எப்படியோ கையைத் தூக்கிவிட்டேன். "உச்சியில் வேறு வாயு சேர்ந்து அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" என் இங்கிலீஷ் தடுமாறியது, கேள்வி தடுமாறவில்லை. பேராசிரியர் ஒரு நொடி என்னையே பார்த்தார். அதுதான் உண்மையான தொல்லை என்றார். காற்று இல்லையாம், உள்ளேயே உண்டாகும் ஹைட்ரஜன் மேலே தங்கிவிடுகிறதாம். அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், வேலை செய்யும் தகடு வெதுவெதுப்பாகவும் அடைத்தது குளிர்ந்தும் தெரியுமாம்.

முடிந்ததும் தேடி வந்து, இதை எங்கே படித்தீர்கள் என்றார். படிக்கவில்லை, அப்பா ஐஸ் கம்பெனியில் இருந்தார் என்றேன். அங்கே கேமரா இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டார். கேஜில் பிரஷர் ஏறும், அப்புறம் நீங்கள் வால்வைத் திறந்து காற்றை விடுவீர்கள் என்று நினைவு. தப்பாகச் சொல்லக் கூடாதே என்று, அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த லெக்சருக்கு முன்னால் விவரமாக எழுதுங்கள். முள் எவ்வளவுக்குப் போனால் திறப்பீர்கள் என்பதையும்.

அன்பு மகள்