விட்டுக்கொடுத்தவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்

இந்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகத்தினருக்கு,

வணக்கம். 2015ஆம் ஆண்டில் சமையல் கேஸ் மானியம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஏஜென்சிக்குப் போய், கேஸ் புத்தகத்தைப் பார்த்து நுகர்வோர் எண்ணைப் படிவத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர், "நல்ல காரியம், யாரோ ஒருத்தி புகையில்லாமல் சமைப்பாள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். இந்த மடலை எழுதுவதும் அதை முன்னிட்டே.

மானியத்தை விட்டுக்கொடுக்கும் இயக்கத்தைப் பிரதமர் 2015 மார்ச் 27 அன்று தொடங்கி வைத்தார். வசதி உள்ளவர்கள் விட்டுக்கொடுத்தால் அந்தப் பணத்தில் ஏழை வீடுகளுக்கு இணைப்பு கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. விட்டுக்கொடுத்தவர்களின் பெயர்கள் கௌரவப் பட்டியலாக வெளியிடப்பட்டன. ஓராண்டு கழிந்தபோது எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டது. 2016 மே 1 அன்று ஏழைக் குடும்பப் பெண்களுக்குச் சமையல் கேஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கப்பட்டது. யாரும் கட்டாயப்படுத்தாமலே ஒரு கோடிக் குடும்பங்கள் தமக்குச் சேர வேண்டியதைக் கைவிட்டது சாதாரண விஷயமல்ல. அதில் பங்கெடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

நான் வருந்துவது அதற்குப் பின் நடந்ததைப் பற்றித்தான். நாங்கள் மனமுவந்து கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 2016 ஜூலையிலிருந்து மானிய சிலிண்டரின் விலை மாதம் 2 ரூபாய் வீதமும், 2017 ஜூனிலிருந்து மாதம் 4 ரூபாய் வீதமும் ஏற்றப்பட்டது. மானியத்தையே முற்றிலும் இல்லாமல் ஆக்குவதுதான் நோக்கம் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த மாதாந்தர உயர்வு சில மாதங்களில் நிறுத்தப்பட்டது. அதுவரை நடந்தது ஓரளவு வெளிப்படையானதுதான். 2020 மே மாதத்தில் உலகச் சந்தை விலை வீழ்ந்தபோது மானிய விலையும் சந்தை விலையும் ஒன்றாகி, மானியத்துக்குத் தேவையில்லாமல் போனது. அப்போது சென்னையில் ஒரு சிலிண்டர் 569 ரூபாய் 50 காசு. பிறகு விலை ஏறியது. மானியம் மட்டும் முன்போலத் திரும்பி வரவில்லை. மானியத்தை விட்டுக்கொடுக்காத என் தங்கையின் பாஸ்புக்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இருபத்து நான்கு ரூபாய் சொச்சம் மட்டுமே வரவாகிக்கொண்டிருந்தது. கணக்கில் ஏதோ தவறு என்று எண்ணி அவள் மூன்று முறை ஏஜென்சிக்கு நடந்தாள். அங்கிருந்தவர்களுக்கும் பதில் தெரியவில்லை. 2020 ஜூன் முதல் உஜ்வலாவில் சேராத பொது நுகர்வோருக்கு மானியம் இல்லை என்பதை அமைச்சகத்தின் செயலர் செய்தியாளர்களிடம் சொன்னது 2022 ஜூனில். இடையில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

கேட்டுப் பெறுவது ஒன்று, சொல்லாமல் நிறுத்திக்கொள்வது வேறு. மனமுவந்து கொடுத்தவருக்கும் பிடுங்கப்பட்டவருக்கும் இன்று பாஸ்புக்கில் ஏறக்குறைய ஒரே நிலைதான். எழுதிக் கொடுத்த எங்களுக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. ஆனால் எழுதிக் கொடுக்காதவர்களில் பெரும்பாலோர், மாதச் சம்பளத்தில் சிலிண்டருக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியாததால்தான் கொடுக்கவில்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

1965இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு, சாப்பிடாமல் இருக்கும்படி லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். கேட்பதற்கு முன் அதைத் தம் வீட்டில் செய்து பார்த்தார் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அந்தத் திங்கட்கிழமைகளில் இரவு உலை வைத்ததில்லை என்று என் தாயார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எதைக் குறைக்க வேண்டும், ஏன் குறைக்க வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என் தாயார் அதை நிறைவோடு சொன்னார்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் ஒரு பெண்மணிக்கு உஜ்வலா இணைப்பு இருக்கிறது. ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய புடவைத் துண்டால் மூடிய சிலிண்டர் மூலையில் நின்றது. அதன்மேல் முறத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வெளியே மூன்று கல் அடுப்பில் கருவேல விறகு எரிந்துகொண்டிருந்தது. "விருந்தாளி வந்தா மட்டும் பத்த வைப்பேன் டீச்சர், டீ போட" என்றார். அது 2022ஆம் ஆண்டின் தொடக்கம். ஊரடங்கின்போது கொடுத்த மூன்று இலவச சிலிண்டர்கள் தீர்ந்த பிறகு, அவர்களுக்கும் மானியம் இல்லாமல் இருந்த காலம் அது. உஜ்வலா குடும்பங்களுக்கு 200 ரூபாய் மானியம் 2022 மே மாதத்தில்தான் அறிவிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது 300 ஆனது. அதற்கு வெகு முன்பே, 2019இல், தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை உஜ்வலா குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்களே வாங்குகின்றன என்று சுட்டிக்காட்டியிருந்தது. விலை ஏறும்போது முதலில் அணைவது யாருடைய அடுப்பு என்பதை அமைச்சகம் அறிந்தே இருந்தது. யாரோ ஒருத்தி புகையில்லாமல் சமைப்பாள் என்றுதானே நாங்கள் கையெழுத்துப் போட்டோம்!

என் மானியத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. பொது நுகர்வோரின் மானியத்தை நிறுத்தும் முடிவு எந்த நாளில், யாரால், எந்தக் காரணத்துக்காக எடுக்கப்பட்டது என்பதை முறையான அறிவிப்பாக வெளியிடுங்கள். நாங்கள் விட்டுக்கொடுத்ததால் மிச்சமான தொகை ஆண்டுவாரியாக எவ்வளவு, அதில் உஜ்வலா குடும்பங்களின் மறு சிலிண்டருக்குச் சென்றது எவ்வளவு என்ற கணக்கைத் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் ஏஜென்சி வாசலில் ஒட்டுங்கள். எல்லாவற்றையும்விட, சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் உஜ்வலா குடும்பம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகைக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். விலை ஏறும்போதெல்லாம் மானியமும் தானாக ஏற வேண்டும். அறிவிப்புக்காக அந்தப் பெண்கள் இன்னொரு முறை இரண்டு ஆண்டுகள் காத்திருக்க முடியாது.

தண்ணீருக்கோ மின்சாரத்துக்கோ நாளை நீங்கள் மறுபடியும் எங்களிடம் வரக்கூடும். அப்போதும் படிவத்தை நிரப்பித் தர நான் தயாராக இருப்பேன். எவ்வளவு காலத்துக்கு, யாருக்காக என்பதை மட்டும் அந்தப் படிவத்திலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மானியத்தை விட்டுக்கொடுத்த ஒரு நுகர்வோர்,
திருச்சிராப்பள்ளி.