பயணிகள் இல்லையா, வண்டி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் புதிதாக ஒரு ரயில் விட்டால் எந்த வழியில் விடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். கோவையிலிருந்து பாலக்காடு போகிற வாளையார் வழிக்கு நாலு பத்தி, செங்கோட்டை வழிக்கு இரண்டு பத்தி. எங்களுக்கு ஒரே வரி: 'பொள்ளாச்சி வழியில் பயணிகள் வரவேற்பு போதாது.'

ஏனுங்க, இதை எழுதியவர் பொள்ளாச்சி ஸ்டேஷனுக்கு வந்து பார்த்தாரா? வந்திருந்தால் பாலக்காட்டுக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பார். பதிலைக் கேட்டுவிட்டு எங்களைப் போலவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருப்பார். கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, வியாபாரம் இல்லை என்றால் என்ன நியாயம்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு 1932-ல் வெள்ளைக்காரன் போட்ட பாதை இது. மீட்டர் கேஜ் காலத்தில் இங்கே ஏறி உட்கார்ந்தால் ராமேஸ்வரத்தில் இறங்கலாம். அப்பாவுக்குக் காரியம் செய்ய அப்படித்தான் போனோம். பிறகு அகலப்பாதை ஆக்குகிறோம் என்று மூடினார்கள். வருஷக்கணக்கில் காத்திருந்தோம். பாலக்காடு பக்கம் திறந்தது 2015-ல், கோவையை ஒட்டிய போத்தனூர் பக்கம் 2017-ல். தண்டவாளம்தான் அகலமானது, பழைய வண்டிகள் எல்லாம் திரும்பி வரவில்லை. நடுவில் 2007-ல் சேலம் ரயில்வே கோட்டத்தைத் தனியாகப் பிரித்தபோது கோயமுத்தூர் அங்கே போய்விட்டது, நாங்கள் பாலக்காடு கோட்டத்திலேயே நின்றோம். கோயமுத்தூரில் கேட்டால் பாலக்காட்டைக் கேள் என்பார்கள். பாலக்காட்டுக்கோ நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்.

என் மகளைப் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி வீட்டுக்குக் கோவிந்தாபுரம் வழியாகப் பஸ்ஸில், தேங்காய் மூட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, பாதித் தூரம் நின்றபடியே போகிறேன். பஸ் நிறைய ஆள். பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வருகிற மலையாளிகள், சந்தைக்கு வந்து போகிறவர்கள், வேலைக்குப் போகிற பெண்கள். வரவேற்பு அங்கே நெரிசலில் நிற்கிறது, உங்கள் நிருபர் கண்ணில்தான் படவில்லை.

சுற்றுப் பாதை என்பீர்கள். கோவையில் ஏறுகிறவனுக்குச் சுற்றுத்தான், மறுக்கவில்லை. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் உடுமலையிலும் ஏறுகிறவனுக்கு? அவன் கோவைக்குப் போய்த் திரும்புவதல்லவா சுற்று! இருக்கிற வண்டியெல்லாம் வாளையார் வழியிலேதான் போக வேண்டுமா? அந்த வழியில்தான் 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தது தங்களுக்குத் தெரியாததல்ல.

இத்தனை காலம் வாசகனாக இருந்த உரிமையில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வந்தே பாரத் எல்லாம் நாங்கள் கேட்கவில்லை. காலையில் பழனியில் கிளம்பி, முதலமடை உட்பட எல்லா ஸ்டேஷனிலும் நின்று பாலக்காடு போய், சாயங்காலம் திரும்புகிற ஒரு பாசஞ்சர். நாலு பெட்டி இருந்தாலும் சரி. அடுத்த தடவை ரயில்வே அதிகாரிகளைப் பார்க்கும்போது உங்கள் நிருபர் இதைக் கேட்டு, பதிலைப் பத்திரிகையில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தேங்காய் வியாபாரி,
பொள்ளாச்சி