கிழித்த தாள்களைக் கதையாக்கிக் கொடுத்தவர்களுக்கு

அன்பர்களுக்கு வணக்கம்.

வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைகளையும் பழைய சிறுவர் இதழ்களையும் பேரப்பிள்ளைகள் புரட்டும் பக்குவத்துக்குக் கொண்டுவந்த உங்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, வரிசை பார்த்துக் கொடுத்த மூத்த வாசகிகளுக்கு. 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபர் 29-இல் தொடங்கி 1954 வரை வந்தது. கிழித்த தாளில் இருப்பது இதழின் பக்க எண், கதையின் எண் அல்ல. அத்தியாய எண்ணை நம்பினாலும் வழுக்கும். பாகத்துக்குப் பாகம் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் 12-ஆம் அத்தியாயம் என்று ஐந்து கிடக்கும். வந்தியத்தேவன் இலங்கைக்குப் போய்விட்டானா இல்லையா என்று பார்த்தே பாகம் பிரித்தீர்கள். அதை வேறு யாரும் அவ்வளவு விரைவில் செய்திருக்க முடியாது.

அடுத்து, தைத்தவர்களுக்கு. தனித்தாள்களை அடுக்கிப் பக்கவாட்டில் துளையிட்டால் அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும், வரியின் முதலெழுத்துகளும் கூடவே போகும். நீங்கள் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் முக்கால் அங்குல மெல்லிய தாள் பட்டை ஒட்டி, ஊசியைப் பட்டையில் மட்டும் இறக்கினீர்கள். நூற்றுக்கணக்கான பட்டைகள்! பசை, ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறியது. பூச்சி வராமலிருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் விரலை நக்கிப் பக்கம் திருப்புவார்கள் என்று அதைத் தவிர்த்தது சரியான முடிவு. அதனால்தான் பசை இரண்டே நாளில் புளித்தது, மறுபடி காய்ச்ச வேண்டியிருந்தது. செல்லோ டேப்பை யாரும் தொடாததற்குத் தனி நன்றி. அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பேறிய பிறகு எடுக்கவே முடியாது.

1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்ற இதழ்களில் வேலை வேறு. துருவேறிய பின்னை முதுகுப்பக்கம் இழுத்தால் நடுத்தாள் கிழியும். உள்பக்கம் மடிந்த கால்களை மொட்டைக் கத்தியால் நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்தவர்கள் கைப்பொறுமைக்கு வணக்கம்.

மூலையை லேசாக மடித்தாலே ஒடிந்த தாள்களைத் தைக்காமல் ஒதுக்கி, நகலெடுத்துத் தந்தவர்களையும் மறக்கவில்லை. செய்தித்தாள் ரகக் காகிதம் தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே இற்றுப்போகிறது, ஊசி பட்டால் பொடிதான்.

எழுத்து அட்டவணை எழுதிய தாத்தாவுக்கு என்ன சொல்ல! 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் உருவம் வேறு. தும்பிக்கை தூக்கிய 'லை'யைக் கண்டதும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அந்த அட்டவணையை ஒவ்வொரு தொகுதியின் முன்னட்டைக்குள்ளும் ஒட்டியிருக்கிறோம்.

இரவல் தந்தவர்களே, உங்கள் தொகுதிகள் திரும்பி வரும்போது கதைக்கு நடுவே இருந்த விளம்பரங்களும் துணுக்குகளும் அப்படியே இருக்கும். எதையும் வெட்டவில்லை. பிள்ளைகள் முதலில் படிப்பது அவற்றைத்தான்.

நன்றியுடன்,
தொகுப்பை ஒழுங்குபடுத்தியோர்