ஊசிக்கு ஆறு பக்கம், மூலிகைக்கு இரண்டு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சீன மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். உடலில் மெல்லிய ஊசிகளைச் செருகும் அக்குபங்சர் என்றாலே ஒரு சாரார் அற்புதம் என்பார்கள், மறுசாரார் ஏமாற்று வேலை என்பார்கள். உங்கள் கட்டுரையாளர் முதல் கட்சி. அது அவர் விருப்பம். ஆனால் ஒரு தகவலைத் திருத்தியாக வேண்டும். அவர் தாண்டிப் போய்விட்ட பெரிய சங்கதி ஒன்றும் இருக்கிறது.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு மயக்க மருந்தே தராமல், ஊசிகளை மட்டும் செருகி குடல்வால் அறுவை சிகிச்சை செய்ததாகக் கட்டுரை சொல்கிறது. இந்தக் கதை உலகம் முழுக்க இப்படித்தான் சுற்றுகிறது. ரெஸ்டனே 1971 ஜூலை 26 அன்று தன் பத்திரிகையில் எழுதியது வேறு. பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) மருத்துவமனையில் அவருக்கு மரத்துப்போக வழக்கமான மருந்தைத்தான் ஊசி வழியாக ஏற்றினார்கள். அறுவை முடிந்த பிறகு, ஓர் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் அக்குபங்சர் வந்தது. வலது முழங்கையிலும் இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி செருகி, மூலிகைச் சுருளைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார்கள். எல்லாம் 20 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் வயிறு லேசானது என்று எழுதியிருக்கிறார். அந்தச் சுருளில் இருப்பது நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்ந்த இலை.

சரி, ஊசி எப்படி வேலை செய்கிறது? உடலில் 14 ஆற்றல் பாதைகள், அவற்றை ஒட்டி 361 புள்ளிகள் என்பது மரபுக் கணக்கு. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பாதைகளைக் கண்டதில்லை. அதற்காக, ஊசி குத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. உடல் தானாகச் சுரக்கும் வலி தணிக்கும் பொருள்களுக்கு இதில் பங்கு இருப்பதை 1970களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. 2010இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடி வலியைக் குறைப்பதைக் கண்டார்கள். ஆனால் ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மரபுப் புள்ளிகளில் குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மருந்து, உடற்பயிற்சி என்று போனவர்களில் 27.4 சதவீதம்தான். அதாவது ஊசி உதவுகிறது. எங்கே குத்துகிறோம் என்பது பெரிதாகத் தெரியவில்லை. இடுப்புவலிக்கு யாராவது ஊசி போட்டுக்கொள்ளப் போனால் நான் தடுக்க மாட்டேன். காலில் ஒரு புள்ளியைத் தொட்டுச் சர்க்கரை நோயைத் தீர்க்கிறேன், மாத்திரையை நிறுத்து என்று சொல்பவரிடம் போனால் கையைப் பிடித்து இழுப்பேன்.

இப்போது அந்தப் பெரிய சங்கதிக்கு வருகிறேன். ஊசிக்கு ஆறு பக்கம் தந்த கட்டுரை, மூலிகைக்கு இரண்டே வரி தந்திருக்கிறது. நான் இருக்கும் சிங்கப்பூரில் சீன மருத்துவம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மருந்துக்கடைதான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். வைத்தியர் எழுதிய சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து, வேர், பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று கைத்தராசில் நிறுத்து, விரித்து வைத்த தாள்களில் பங்கு பிரித்துக் கொட்டுவார். வீட்டில் அதை மண்சட்டியில் போட்டு, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். சித்த வைத்தியக் கஷாயம் குடித்து வளர்ந்த எனக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, வாசனையைத் தவிர.

ஒரு மருந்தில் அரசன், அமைச்சன், உதவியாள், தூதன் என்று மூலிகைகளுக்குப் பதவி உண்டு. மாஹுவாங் கஷாயத்தைப் பாருங்கள். சளி, காய்ச்சல், மூச்சிரைப்புக்குத் தருவது, நான்கே சரக்கு. மாஹுவாங் என்ற செடி அரசன். இலவங்கப்பட்டை தரும் மரத்தின் இளங்குச்சி அமைச்சன். ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பு உதவியாள். எல்லாவற்றையும் இசைவாக்கும் தூதன், நம் அதிமதுரம். மரபு விளக்கம் குளிரை வெளியேற்றுவது பற்றிப் பேசும். 1885இல் ஜப்பானியர் நாகாய் நாகயோஷி மாஹுவாங்கிலிருந்து எபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மூச்சுக்குழாயை விரிப்பது அதுதான். இதயத்தை விரட்டுவதும் அதுவேதான். அமெரிக்காவில் உடல் மெலிய விற்ற மாஹுவாங் மாத்திரைகளால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்து, 2004இல் அவற்றைத் தடை செய்தார்கள்.

நோபல் பரிசு பெற்ற சீன விஞ்ஞானி தூ யோயோவைக் கட்டுரை பெருமையோடு குறிப்பிடுகிறது. நியாயம்தான். ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டது. வியட்நாம் போர்க்காலத்தில், 1967இல் தொடங்கிய ரகசிய மலேரியா ஆய்வில் அவரும் சேர்க்கப்பட்டார். பழைய ஏடுகளில் ஏறத்தாழ 2,000 குறிப்புகளை அலசினார்கள். சிங்ஹாவ் செடிச் சாறு ஒரு தடவை பலன் தந்தது, மறுதடவை தரவில்லை. 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங் அந்தச் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனித்தபோதுதான், சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யோயோவுக்குத் தோன்றியது. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மலேரியா கிருமி முழுதாக ஒழிந்தது. மனிதர்களுக்குத் தரும் முன் அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். ஏட்டில் இருந்ததை அப்படியே நம்பியிருந்தால் ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மலேரியா மருந்து கிடைத்திருக்காது. ஏட்டைத் தூக்கி எறிந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஓர் உடல் மெலிவு மையம் தந்த சீன மூலிகை மாத்திரைகளால் நூறு பெண்கள் வரை சிறுநீரகம் பழுதாகிப் போனார்கள். சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சேர்க்க வேண்டிய ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதில், கிட்டத்தட்ட அதே பெயருள்ள அரிஸ்டலோகியா இனக் கொடி கலந்துவிட்டதுதான் காரணம். சிங்கப்பூரிலும் ஒரு கதை இருக்கிறது. பிறந்த குழந்தையின் உடல் சூட்டைத் தணிக்க ஹுவாங்லியன் என்ற கசப்பு வேரைப் புகட்டுவது சீனக் குடும்பங்களில் வழக்கம். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற என்சைமின் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அதனால் மஞ்சள் காமாலை முற்றுகிறது என்ற அச்சத்தில், அந்த வேரிலுள்ள பெர்பெரின் என்ற பொருளை 1978இல் அரசு தடை செய்தது. பல பத்தாண்டுகள் கழித்து, சான்றுகளை மறுபடி பரிசீலித்துத் தடையை நீக்கினார்கள். இப்படித் தடை போடுவதும் தளர்த்துவதும் நடக்க, யார் வைத்தியர், எது மருந்து என்று பதிவு செய்யும் சட்டம் வேண்டும். ஊசி போடுபவரும் கஷாயம் எழுதுபவரும் பதிவு செய்தே தொழில் நடத்த வேண்டும் என்று இங்கே 2000இல் சட்டம் வந்தது.

பெல்ஜியத்துச் செய்தி தூரத்தில் நடந்ததாகத் தோன்றலாம். நம் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டலோகியா இனம்தான். அந்த இனத்திலுள்ள அமிலத்தை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியான புற்றுநோய்க் காரணியாகப் பட்டியலிட்டிருக்கிறது. இரண்டு மூலிகைகளும் நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகக் கிடைக்கின்றன. இதைப் பற்றித் தெரிந்த ஒரு சித்த மருத்துவரையும் ஒரு சிறுநீரக மருத்துவரையும் சேர்த்து உட்காரவைத்து, அடுத்த இதழ்களில் ஒரு கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள். ஆறு பக்கம் வேண்டாம், மூன்று போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிங்கப்பூர்