விற்கும் முன் சொல்லிவிடுங்கள்: கப்பல் சுற்றுலா முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் குடும்பங்களுக்குக் கப்பல் சுற்றுலா ஏற்பாடு செய்து தரும் பயண முகவர்களுக்கு,

வணக்கம். கடந்த கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் ஒன்பது பேர் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் பயணம் செய்தோம். எழுபத்தாறு வயதான என் மாமியார், நாங்கள் இருவர், எங்கள் இரண்டு பிள்ளைகள், என் கொழுந்தன், ஓரகத்தி, அவர்களுடைய ஐந்து வயது மகன், பத்து மாதக் கைக்குழந்தை ஆகியோர் அந்த ஒன்பது பேர். கூட்டுக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான விடுமுறை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெட்டியை ஒரு முறை பிரித்து அடுக்கினால் போதும். ஊர்கள்தாம் நம்மைத் தேடி வருகின்றன. ஐம்பது ஆண்டுகளாக விடியற்காலையில் அடுப்பங்கரைக்குள் நுழைந்தே பழகிய என் மாமியார், மலாக்கா நீரிணையில் சூரியன் எழுவதை ஒரு கோப்பைக் காப்பியுடன் கம்பி ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் என்றும் மறக்கமாட்டேன்.

ஆனால், அந்த ஐந்து நாட்களில் நாங்கள் அலைந்தும் பதறியும் பணம் கொடுத்தும் தெரிந்துகொண்டவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும், முன்பணம் கட்டிய நாளன்றே நான்கு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கலாம். எங்களுக்குப் பயணச்சீட்டு விற்ற முகவர் தந்தது, நீச்சல் குளமும் சறுக்கு விளையாட்டும் அச்சிட்ட வண்ணப் படத்தாள் ஒன்றுதான். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்ப்ரஸ் என்னும் சுற்றுலாக் கப்பலை முதல்வர் கொடியசைத்து அனுப்பியதிலிருந்தும், அடுத்த ஆண்டு அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்று வந்ததிலிருந்தும், கப்பலில் போய் வரலாம் என்னும் ஆசை நம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்துவிட்டது. அந்த ஆசையோடு உங்கள் அலுவலகப் படியேறும் எல்லோருக்குமாகத்தான் இந்த மடல்.

முதலில் விசா. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பலானாலும், ஏறும்போது குடிநுழைவு அதிகாரிகள் நம்மை நாட்டைவிட்டு வெளியேறியவராகவே பதிவு செய்கிறார்கள். ஆகவே, திரும்பி இறங்குவது இரண்டாவது நுழைவாகிறது. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர் ஏறும் இடத்திலேயே நிறுத்தப்படலாம். பலமுறை நுழைவு விசாதானா என்று ஒவ்வொருவருடைய தாளையும் நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டு பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதையும், கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் எது என்பதையும் எழுதிக் கொடுங்கள். சிங்கப்பூரின் வருகைப் படிவம் முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் போலித் தளங்களில் நம் மக்கள் ஏமாறாமல் இருக்க, சரியான முகவரியையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், விற்கும்போது ஒருமுறையும் புறப்படும் வாரத்தில் இன்னொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும்.

விமானத்தைக் கப்பல் புறப்படும் நாளன்றே பதிவு செய்து தராதீர்கள். பேருந்து காத்திருப்பதுபோல் கப்பல் காத்திருப்பதில்லை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும்போதே வாயிலை மூடிவிடுகிறார்கள். விமானம் தாமதமானால் பயணம் முழுவதும் போயிற்று, பணமும் போயிற்று. முந்தின நாளே சென்று ஓர் இரவு தங்குவதற்கு ஆகும் செலவு, ஒன்பது பேரின் பயணத்தை இழப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சிங்கப்பூரில் கப்பல் ஏறும் மரீனா பே முனையத்துக்கு அருகிலேயே மரீனா சவுத் பியர் ரயில் நிலையம் இருப்பதால் போய்ச் சேர்வது எளிது. இருப்பினும் முதியவரும் கைக்குழந்தையும் உள்ள குடும்பத்துக்கு டாக்சிதான் உகந்தது.

அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு மிகுந்த துன்பம் அங்கிருந்துதான் வந்தது. என் மாமியாரையும் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். 'மூன்று பேர் தங்கும் அறை' என்றுதான் தாளில் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கீழே இரண்டு கட்டில். மூன்றாவது, மேற்கூரையிலிருந்து கீழே இறக்கும் தொட்டில் போன்ற படுக்கை, அதற்கு ஓர் ஏணி. ரயிலின் மேல் பெர்த்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பன்னிரண்டு வயது மகன் அதில் ஏறிக்கொண்டான், நல்லது. ஆனால், குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு படி இருந்தது. முழங்கால் வலியுள்ள என் மாமியார் அதை ஒவ்வொரு முறையும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினார். இரவில் அவர் எழும்போதெல்லாம் என் மகளும் விழித்துக்கொண்டாள். அந்தப் படி இல்லாத, சக்கர நாற்காலி நுழையக்கூடிய, கைப்பிடி பொருத்திய அறைகள் எல்லாப் பெரிய கப்பல்களிலும் சில உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் முன்னதாகவே கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்களுக்குக் கப்பலில் வரவேற்பு மேசையில்தான் தெரிந்தது. கழிவறையில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான் இருக்கும் என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வைக்கச் சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்காகவே பெரியவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அலையாட்டத்துக்கும் அறைக்கும் தொடர்பு உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளங்களிலும் அதிகம். பால்கனியுள்ள மேல்தள அறையே உயர்ந்தது என்று விற்கும்போது, பயணத்தில் தலைசுற்றல் வரும் குடும்பமா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. சென்னையிலிருந்து வங்கக் கடலில் செல்லும் பயணமானால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழைக் காலத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். குமட்டலுக்கான மாத்திரையை, குடும்ப மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, குமட்டல் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். வாந்தி வந்த பிறகு அதனால் பெரிதாகப் பயனில்லை.

பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால் அவை அறைக்கு வர மாலையாகிவிடும். எங்கள் மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரைகள், குழந்தையின் பால்மாவு, மாற்றுத் துணி மூன்றும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. என் ஓரகத்தி அன்று பிற்பகல் முழுவதும் பசியில் அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் பெட்டிக்காகக் காத்திருந்தாள். வந்து சேர்ந்த பெட்டியில் பால் காய்ச்சும் மின்சாரக் கெட்டிலைக் காணோம். எடுத்து வைத்துக்கொண்டதற்கான சீட்டுத்தான் இருந்தது. கெட்டில், இஸ்திரிப்பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம், அகல் விளக்கு ஆகிய அனைத்துக்கும் கப்பலில் தடை. நடுக்கடலில் தீயைப் போல அஞ்சத்தக்கது வேறில்லை என்பதால் அந்தத் தடை முழுக்க நியாயமானது. அதை முன்பே அறிந்திருந்தால், வெந்நீரை அறைப் பணியாளரிடமே கேட்டு வாங்கியிருப்போம். கேட்ட பிறகு அவர்கள் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

குழந்தைகளைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும், இருபத்து நான்கு வாரம் நிறைந்த கர்ப்பிணியையும் ஏற்பதில்லை. முன்பணம் கட்டிய பிறகு இதைக் கேட்பது எவ்வளவு வேதனை என்று எண்ணிப் பாருங்கள். சிறுவர் அறையில் பொதுவாக மூன்று வயது நிரம்பிய, டயப்பர் தேவைப்படாத பிள்ளைகளையே விடலாம். டயப்பர் அணிந்த குழந்தைகளைப் பல கப்பல்களில் பொது நீச்சல் குளத்தில் இறக்கக்கூடாது.

பாதுகாப்புப் பயிற்சியை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கார்டியா கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று அதில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி இன்னும் நடத்தப்பட்டிருக்கவில்லை, ஏனென்றால் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ நடத்தியே ஆக வேண்டும் என்று உலக விதி மாற்றப்பட்டது. ஆபத்தை அறிவிக்கும் ஏழு குறுஞ்சங்கொலியும் ஒரு நெடுஞ்சங்கொலியும் கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைப் பிள்ளைகளையும் அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். எங்கள் அறையில் இருந்தவை எல்லாம் பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட்டுகள். கேட்டவுடன் ஐந்து வயதுச் சிறுவனுக்கும் கைக்குழந்தைக்கும் உரிய அளவில் கொண்டுவந்து தந்தார்கள். கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

புக்கெட்டில் நடந்ததை விரிவாக எழுதுகிறேன். அங்கே எங்கள் கப்பல் கரையை அணையவில்லை. படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்க, டெண்டர் எனப்படும் சிறுபடகுகளில் எங்களைக் கரைசேர்த்தார்கள். ஆடும் படகில் முதியவர் இறங்க முடியுமா என்று அந்தக் காலையில்தான் நாங்கள் யோசித்தோம். மாமியார் கப்பலிலேயே தங்கிவிட்டார், நானும் உடன் இருந்துவிட்டேன். கடைசிப் படகு மாலை நாலரைக்கு என்று அறிவித்திருந்தார்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தது. கரையில் கால் வைத்தவுடன் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கொழுந்தன் குடும்பத்தார் கைப்பேசியில் மூன்றே கால் என்று பார்த்துவிட்டு இளநீர்க் கடையில் நிதானமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மலேசியத் தமிழ்ப் பெரியவர் ஒருவர், "தம்பி, கப்பல் நேரம் நாலே கால் ஆச்சு, பிள்ளைங்கள தூக்கிட்டு ஓடுங்க" என்று சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. மேல்தளத்திலிருந்து ஒவ்வொரு படகையும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, கடைசிப் படகில் அந்த மஞ்சள் தொப்பிச் சிறுவன் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. கப்பல் நேரம் காட்டும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் குழுவுக்கு ஒருவர் கட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் தாளில் இது முதல் வரியாக இருக்கட்டும்.

பினாங்கில் எந்தச் சிக்கலும் இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராகக் கரையை அணைகிறது. அங்கிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாழையிலையில் சாப்பிட்டோம். கப்பல் நிறுவனத்தின் கட்டணச் சுற்றுலாவை அங்கே வாங்கத் தேவையே இல்லை. ஆனால் கரையிலிருந்து தொலைவாகச் செல்லும் ஊர்களில், நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பை நிறுவனமே ஏற்பதால், அதை வாங்குவதுதான் உசிதம்.

கணக்கை ஒளிக்காமல் சொல்லுங்கள். படத்தாளில் அச்சிட்ட தொகை, ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஒருவருக்கு ஆவது. துறைமுகக் கட்டணம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கில் சேரும் பணியாளர் அன்பளிப்பு, இணையம், குளிர்பானம், சிறப்பு உணவகங்கள் எல்லாம் அதற்கு மேல். அன்பளிப்பைப் பல கப்பல்களில் குழந்தைக்கும் சேர்த்தே பிடிக்கிறார்கள். நடுக்கடலில் கைப்பேசி, கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் தானாக இணைந்துகொண்டால், சாதாரண வெளிநாட்டு ரோமிங் திட்டம் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. என் கணவருக்கு வந்த பில்லைக் கண்டு நாங்கள் திகைத்துப்போனோம். ஏறியவுடன் ஃப்ளைட் மோடில் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். கப்பல் மருத்துவருக்கான கட்டணம் மிக அதிகம் என்பதால், கடலிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுசெல்வதையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு இல்லாமல் முதியவர்களை அனுப்பக் கூடாது.

சைவ உணவு போதுமான அளவு கிடைத்தது; தயிர்சாதமும் பருப்பும் நாள்தோறும் இருந்தன. அதை முன்பதிவிலேயே குறிக்க வேண்டும், காய்கறிப் பொரியலிலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ சேர்ந்திருக்கலாம் என்பதால் கேட்டுச் சாப்பிட வேண்டும். பஃபேக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கப்பல்களில் பரவி வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸுக்குக் கையில் தேய்க்கும் சானிடைசரைவிட சோப்பும் தண்ணீருமே நல்ல தடுப்பு.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும், மறுநாள் காலையில் உடுத்தும் துணியை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு. இதைக்கூட யாரும் சொல்லவில்லை. என் மகன் இரவு உடையிலேயே சிங்கப்பூரில் இறங்கினான்.

இவ்வளவையும் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, முன்பணம் வாங்குவதற்கு முன்னால் குடும்பத்தின் கையில் கொடுங்கள். வீட்டில் முதியவர் உண்டா, கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா என்னும் மூன்று கேள்விகளையும் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் அடுத்த விடுமுறைக்குக் கப்பலில் போக முன்பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கையால் எழுதிக் கொடுத்த நான்கு தாளின் படியை, நீங்கள் விரும்பினால், உங்களுக்கும் அனுப்பி வைக்கிறேன். திருத்தியும் கூட்டியும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து ஒரு பயணி