போர்ச்சுகலில், கொயிம்ப்ராவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்றுதான் பதிலாக வருகிறது. கடிதத்துக்கு அப்படிப் பதில் போட முடியாது, அதனால் தபாலில் அனுப்புகிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சித்தி மகளுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. மாடி ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டாயிற்று. வேறு விசேஷம் இல்லை.

போன வாரம் கூப்பிட்டபோது உன் அறையில் இருக்கிற மலையாளப் பெண்தான் போனை எடுத்தாள். "தூங்குறாங்க ஆண்ட்டி" என்றாள். இங்கே இரவு ஏழரை. அங்கே பகல் மூன்று மணி. சரி, களைப்பாக இருக்கும்.

அடுத்த மாதம் அங்கே கெய்மா என்கிற மாணவர் திருவிழா வருகிறது. போன வருஷம் நான் வந்திருந்தபோது நீ ஆய்வுக்கூடத்தை விட்டு வரவில்லை. அந்தப் பெண்தான் என்னை நடுராத்திரியில் சே வெல்யா பேராலயப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில். சன்னல்கள் குறுகல், மேலே கோட்டைக் கொத்தளம். அதன் முன்னே படியெல்லாம், சந்தெல்லாம் கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள். பையன்கள் சிலர் கிடாரை வைத்துக்கொண்டு ஃபாடு என்கிற அந்த நாட்டுப் பாட்டைப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. கொயிம்ப்ரா ஃபாடுவுக்குத் தொண்டையைச் செருமுவதுதான் பாராட்டாம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். படிப்பு முடிகிற வருஷம் போலிருக்கிறது. அவளுடைய தோழி ஒன்றும் கேட்காமல் தன் அங்கியை விரித்து அவளையும் உள்ளே இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் பாட்டை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் நீ கட்டாயம் போக வேண்டும். அந்த மலையாளப் பெண்ணோடு போ. தனியாகப் போகாதே.

1290-ல் தினிஷ் அரசர் லிஸ்பனில் தொடங்கி, 1537-ல் கொயிம்ப்ராவில் நிலையாக வந்து அமர்ந்த பல்கலைக்கழகம். அதில் என் மகள் ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று பங்குச்சாமியாரிலிருந்து பால்காரர் வரை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஜொவானினா நூலகத்துக்குள் நீ இன்னும் கால் வைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். உலகத்தில் எங்கெங்கிருந்தோ வந்து நேரச்சீட்டு வாங்கி நிற்கிறார்கள், நீ அந்த முற்றத்தைத் தினமும் தாண்டிப் போகிறாய்.

உள்ளே போனதும் முதலில் கதவைத் தொட்டுப் பார், தேக்கு. சுவர் இரண்டு மீட்டருக்கு மேல் கனம், அதனால் வெயில் காலத்திலும் உள்ளே சூடு ஏறாது. 1717-ல் தொடங்கி பதினோரு வருஷத்தில் கட்டியிருக்கிறார்கள். தங்கப்பூச்சு போட்ட அலமாரிகளில் பூச்சி அரிக்காமல் புத்தகத்தைக் காப்பாற்றுவது வௌவால்கள்! பகலில் எங்கோ இடுக்கில் இருந்துவிட்டு ராத்திரி வெளியே வந்து பூச்சி பிடித்துத் தின்னும். அதன் எச்சம் விழுந்து பழைய மேசைகள் கெட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு மாலையும் மேசைமேல் தோல் விரிப்பு போட்டு, காலையில் எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். இதையெல்லாம் நான் வழிகாட்டியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டவள் நீதான். இப்போது எதையும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை.

சே நோவா கோயிலுக்காவது போனாயா? உன் துறையிலிருந்து நாலடி. 1759-ல் இயேசு சபையாரைத் துரத்தும் வரை அது அவர்களுடைய கல்லூரிக் கோயில், 1772-ல்தான் பேராலயம் ஆனது. முகப்பில் நம் சவேரியார் நிற்கிறார். நம் அண்டிரிக் அடிகளார் இந்தக் கொயிம்ப்ராவில்தான் 1545-ல் சபையில் சேர்ந்தார். மறு வருஷமே கப்பல் ஏறி, அப்புறம் அரை நூற்றாண்டு முத்துக்குளித்துறையிலேயே இருந்து தமிழ் கற்று, இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான புத்தகமும் அவர் தந்ததுதான். அந்தக் கரையில், புன்னைக்காயலில் பிறந்த எனக்கு அந்தக் கோயிலுக்குள் நின்றபோது ஊர்க்காரர் வீட்டுக்குள் நிற்கிற உரிமை வந்துவிட்டது. உனக்கும் அந்த உரிமை உண்டு. யாரும் இல்லாத ஊரில் இருப்பதாக நினைக்காதே.

சாப்பாடு. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது. காலையில் வெறும் காப்பி போதாது. சந்தைக்கு நீயே போ. சாளை நம் ஊர்ச் சாளை மாதிரியேதான், கொஞ்சம் பருமன். பக்கல்யாவ் என்று பலகை பலகையாக அடுக்கியிருக்கிறார்களே, அந்த உப்புப் போட்ட காட் மீன் கருவாட்டை ஒரு முழு நாளாவது தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தால்தான் உப்பு இறங்கும். அப்புறம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டு வதக்கு. அரிசிக்கும் குறை இல்லை. கடலோர ஊரான ஃபிகெய்ராவுக்கு ரயிலில் போனபோது வழியெல்லாம் தண்ணீர் கட்டிய நெல்வயல், அதில் செங்கால் நாரை. அந்த வயல்களில் விளைவதுதான் கரோலினு அரிசி, குண்டாக இருக்கும், தக்காளிச் சோற்றுக்கு நன்றாக வரும். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் கடல் இருக்கிறது. கடலோரத்தில் வளர்ந்த பெண் நீ, இத்தனை நாள் கடலைப் பார்க்காமல் எப்படி இருக்கிறாய்?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய சாந்தா கிளாரா கன்னியர் மடத்தைப் பற்றி உன்னிடம் அங்கேயே சொல்ல நினைத்தேன். நீ மடிக்கணினியை மூடவில்லை. தினிஷ் அரசரின் மனைவி இசபெல் ராணி கட்டுவித்த மடம். 1330-ல் கோயிலை மந்திரித்தார்கள், மறு வருஷமே மொண்டேகு ஆற்று வெள்ளம் உள்ளே வந்துவிட்டது. அந்தச் சகோதரிகள் விடவில்லை. தரையை உயர்த்தினார்கள். தண்ணீர் மறுபடி வந்தது. மறுபடி உயர்த்தினார்கள். கடைசியில் கோயிலுக்குள்ளேயே பாதி உயரத்தில் ஒரு தளம் கட்டி, மேலே நின்று ஜெபம் சொன்னார்கள். கீழே சேறும் தண்ணீரும். அந்தத் தளம் தாங்கி நின்ற இடத்தைத் தூணில் இன்றைக்கும் பார்க்கலாம். முன்னூறு வருஷத்துக்கு மேல் இப்படிப் போராடி, 1677-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குன்றின்மேல் கட்டிய புது மடத்துக்கு ஏறிப் போய்விட்டார்கள். ராணியின் உடலும் அங்கேதான், வெள்ளியும் படிகக் கண்ணாடியும் சேர்ந்த பேழையில் இருக்கிறது. பழைய மடம் சேற்றுக்குள்ளேயே கிடந்து, நம் காலத்தில்தான் தோண்டி எடுத்து 2009-ல் திறந்தார்கள்.

அவர்கள் மேலே ஏறிப் போனதை அந்த ஊரில் ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை. நான் அங்கே நின்று இதைத்தான் ரொம்ப நேரம் நினைத்தேன். உதவித்தொகை செப்டம்பரோடு முடிகிறது என்று அப்பா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். முடியட்டும். ஆய்வு நேரத்துக்கு முடிந்தால் சந்தோஷம், முடியாவிட்டால் வீடு இருக்கிறது, மாடியில் இப்போது தளமும் போட்டாயிற்று. பால்காரருக்கு என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் சித்தப்பா சென்னையில் இருந்த கடைசி வருஷம் இப்படித்தான் பகலெல்லாம் தூங்கினார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும்.

மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகத்தில் மருத்துவர் இருப்பார், மனசு விட்டுப் பேசவும் ஆள் இருப்பார்கள். விசாரித்துப் போ. அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போ. பல் வலிக்குப் போக வெட்கப்படுவாயா?

இளவரசர் பெட்ருவின் காதலி இனேஷ் கொலையுண்ட கதை சொல்லும் அந்தக் கண்ணீர் ஊற்றுத் தோட்டம் இப்போதைக்கு வேண்டாம். நான் வரும்போது சேர்ந்து போகலாம். வண்ணக் கண்ணாடி பதித்த நடைபாலத்தில் சாயங்காலம் தனியாக நிற்காதே, காற்று பலமாக அடிக்கிறது. பக்கத்துப் பூங்காவில் ஆட்கள் ஓடுவார்கள், குழந்தைகள் விளையாடுவார்கள், அங்கே போய் உட்கார். தாவரவியல் பூங்காவும் நல்லது, காலையில் போ. போனதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. மரத்தை மட்டும் எடுக்காதே, உன் முகமும் தெரிய வேண்டும்.

இசபெல் ராணியின் பவனி ஜூலையில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, இந்த வருஷம் உண்டு. அதற்கு நான் வரலாம் என்று இருக்கிறேன். பெரியம்மா பணம் தருகிறேன் என்றுவிட்டார்கள், செலவைப் பற்றிப் பேச்செடுக்காதே. விசாவுக்கு உன் கையெழுத்தோடு அழைப்புக் கடிதமும் நீ தங்கியிருக்கும் இடத்துக்கான சான்றும் வேண்டும். ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முன்னாலேயே வா அம்மா என்றாலும் வருகிறேன். சனிக்கிழமை போன் செய். வீடியோவில் வா. இங்கே மணி எத்தனை என்று பார்க்காதே, எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா