பசுமை வேலை என்றால் சோலார் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளைகளுக்குப் பசுமைத் துறையில் என்ன வேலை இருக்கிறது என்று சென்ற வாரக் கல்விப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், ஆனால் பக்கம் முழுக்கக் கூரையில் சோலார் தகடு பொருத்துவதிலேயே தீர்ந்துவிட்டது. நான் கோலாலம்பூரில் பல வருடமாக எரிபொருள் ஆலோசகராக இருப்பவன், விட்டுப்போனதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நெடுந்தூர விமானமும் கப்பலும் அவ்வளவு சுலபமாகப் பேட்டரிக்கு மாறிவிடாது. அவற்றுக்கு ஊற்றத் திரவ எரிபொருள் ஏதாவது வேண்டும், அதைத் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம். நம் டீசலில், செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலைக் கலப்பது 2011-இல் 5 விழுக்காட்டில் தொடங்கி 2019-இல் 10 விழுக்காட்டுக்கு வந்தது. ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம்: கலக்காத செம்பனை பயோடீசல் சுமார் 15 பாகை செல்சியசிலேயே மங்கித் திரளத் தொடங்கும், கலப்பைக் கூட்டிக்கொண்டே போனால் கேமரன் மலையில் விடியற்காலையில் லோரியின் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். இந்த மாதிரித் தலைவலிகளுக்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

இப்போது சூடு பிடித்திருப்பது பழைய சமையல் எண்ணெய். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையிலும் மாமாக் கடையிலும் பொரித்து மிஞ்சியதை டின்னில் வாங்கிப் போகிறார்களே, அதே எண்ணெய்தான் சுத்திகரித்தால் விமான எரிபொருள் ஆகிறது. ஐரோப்பிய விமான நிலையங்களில் தரும் எரிபொருளில் 2025 முதல் 2 விழுக்காடு இதுபோன்ற பசுமை எரிபொருளாக இருக்க வேண்டும், 2030-இல் அது 6. ஜொகூர் பெங்கெராங்கில் பெட்ரோனாஸ் இத்தாலிய, ஜப்பானியப் பங்காளிகளுடன் கட்டும் ஆலை வருடத்துக்கு 6,50,000 டன் மூலப்பொருளைக் கையாளுமாம்.

அப்புறம் கள்ளத்தனம் வராமல் இருக்குமா? அரசின் உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் இங்கே 2 வெள்ளி 50 காசு. பழைய எண்ணெய் அதைவிட அதிக விலைக்குப் போகும்போது, புதிய எண்ணெயையே 'பழசு' என்று பெயர் மாற்றி ஏற்றுமதி செய்யலாம் என்று சிலருக்குத் தோன்றத்தான் செய்யும். அதனால் என் வேலையில் பாதி, சேகரிப்புக் கிடங்கில் நின்று ரசீதைப் புரட்டுவது. கடை மாதத்துக்கு எவ்வளவு எண்ணெய் வாங்குகிறது, எவ்வளவு திருப்பித் தருகிறது? வாங்கியதைவிட அதிகமாகத் தந்தால் கதை அங்கேயே முடிந்தது. டின்னைத் திறந்தால் மாவுக் கசடு, கொஞ்சம் தண்ணீர், கருத்த நிறம் இருக்க வேண்டும், பளபளவென்று பொன்னிறமாக இருந்தால் அதுதான் சந்தேகம். கசட்டைப் பார்த்து மகிழ்ச்சி அடையும் உத்தியோகம் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வேதியியல் தெரிந்த பிள்ளைகள் வேண்டும், அதே அளவுக்குக் கணக்கியல் தெரிந்தவர்களும் வேண்டும். பெற்றோர் இதைக் கேட்டால் முதல் கேள்வி "கவர்மெண்டு வேலையா?" என்பதுதான். இல்லை. குளிர் அறை வேலையும் இல்லை. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தில் எவ்வளவு மீத்தேன் எழும்புகிறது என்று பார்க்கப் போனால் அந்த நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வரும். மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்று வருடக்கணக்கில் மேல்முறையீடு செய்துகொண்டிருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் பிள்ளை இந்தத் துறையில் காலூன்றியிருக்கலாம்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம், ஆனால் ஆலைக் கூட்டங்களில் தணிக்கை செய்யும் பக்கத்தில் நம்மவர்களைப் பார்ப்பது அபூர்வமாக இருக்கிறது. அடுத்த கல்விப் பக்கத்தில், வேதியியல் தொழில்நுட்பம் சொல்லித்தரும் பாலிடெக்னிக்குகள் எவை, விண்ணப்பம் எப்போது என்று ஒரு பட்டியலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்